மலை ஏறி ஹாம் ரேடியோ: எந்த மலை, எந்தப் பாறை?

லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாள் மொட்டை மாடியிலிருந்து பேசிய பிறகு, பெரும்பாலான ஹாம்களுக்கு (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் லைசென்ஸ்காரர்களுக்கு) ஒரு மலைமேல் போய்ப் பேசிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். அப்படிக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மலைகள்தான். நான் ஏறுவது அவற்றில்தான்.

உயரமான மலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்தானே?

போதாது. மலையின் பெயர்ப் பலகையில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். நமக்கு வேண்டியது, சுற்றியுள்ள சமவெளியிலிருந்து அது எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் இது புரிந்துவிடும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்துக்கு இந்த எண் 3.57. வளிமண்டலம் ரேடியோ அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீட்டு ஆன்டெனா வைத்திருப்பவர் தன் பங்குக்கு 13 கி.மீ. சேர்ப்பார்.

இப்போது இரண்டு மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவுக்குப் பக்கத்தில் உள்ள நந்தி மலை 1,478 மீட்டர். கொல்லிமலையின் பல இடங்கள் 1,200 மீட்டர்தான். ஆனால் நந்தி மலை நிற்பது ஏற்கெனவே 900 மீட்டருக்கு மேல் இருக்கிற பீடபூமியில். சுற்றியுள்ள தரையிலிருந்து அதன் எழுச்சி 560 மீட்டர் அளவுதான். கணக்குப்படி 97 கி.மீ. கொல்லிமலையின் அடிவாரச் சமவெளி 200 மீட்டர் அளவில் கிடக்கிறது. எழுச்சி 1,000 மீட்டர், தொடுவானம் 130 கி.மீ. பெயர்ப் பலகையில் குள்ளமான மலைதான் இங்கே தூரம் பார்க்கிறது.

இது 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். பட்டைகளுக்கான கணக்கு. எச்.எஃப். எனும் சிற்றலை வேறு கதை, கீழே சொல்கிறேன்.

சரி, எழுச்சி உள்ள மலையைப் பிடித்துவிட்டேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதை. அந்தத் திசையில் முன்னால் என்ன நிற்கிறது என்பதை.

ஏற்காடு நல்ல உதாரணம். சுமார் 1,500 மீட்டர், சேலம் சமவெளியிலிருந்து 1,200 மீட்டர் எழுச்சி. திருச்சி அங்கிருந்து நேர்கோட்டில் 120 கி.மீ. சூத்திரத்தைப் போட்டால் தாராளமாக எட்டும். ஆனால் வரைபடத்தில் ஏற்காட்டுக்கும் திருச்சிக்கும் இடையே ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: கோடு கொல்லிமலையின் முதுகில் ஏறி இறங்குகிறது. ஏற்காட்டிலிருந்து ஏறக்குறைய 45 கி.மீ. போனதும், பூமியின் வளைவையும் கழித்துவிட்டால், நம் அலை செல்லும் பாதை கடல் மட்டத்திலிருந்து வெறும் 800 மீட்டர் வாக்கில்தான் இருக்கும். கொல்லிமலை அதைவிட உயரம். சிக்னல் மலை விளிம்பில் பட்டு வளைந்து ஓரளவு போகலாம், அது அதிர்ஷ்டம். திருச்சிக்காரர்களோடு பேசுவதுதான் நோக்கம் என்றால் கொல்லிமலைக்கே போய், அதன் தென்கிழக்கு ஓரத்தில் நிற்பது மேல். அங்கிருந்து திருச்சி 60 கி.மீ. சொச்சம்தான்.

ஏலகிரியிலும் இதே கதை. அங்கிருந்து சென்னையைப் பிடித்துவிடலாம் என்று பலர் உற்சாகமாகக் கிளம்புகிறார்கள். சென்னை 185 கி.மீ.; அதற்கு முன்பாகவே கிழக்கே ஜவ்வாது மலை குறுக்கே கிடக்கிறது.

வீட்டிலேயே இதைச் சோதித்துவிடலாம். கூகுள் எர்த்தில் இரு இடங்களுக்கு இடையே பாதை வரைந்து உயர வரைபடம் கேட்டால் குறுக்கே உள்ள மேடுகள் தெரியும். ஆனால் அந்த வரைபடத்தில் பூமியின் வளைவு சேராது, நினைவில் வையுங்கள். ‘ஹேவாட்ஸ்தட்’ என்ற தளத்தில் ஒரு புள்ளியைக் கொடுத்தால் அங்கிருந்து எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரம் தெரியும் என்று வட்டமாகவே வரைந்து கொடுக்கும். ‘ரேடியோ மொபைல்’ கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் சிக்னல் அளவே சொல்லும்.

மலை அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே இருந்தால் மட்டும் போதாது. 145 மெகாஹெர்ட்ஸில் 100 கி.மீ. பாதையின் நடுப்பகுதியில் அலைக்குச் சுற்றிலும் 200 மீட்டருக்கு மேல் இடம் தேவை. ஃப்ரெனெல் மண்டலம் என்பது இதைத்தான். அதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் கவலை இல்லை.

மலைமேல் போய்விட்டேன். எங்கே நிற்பது?

ஏரியிலிருந்து தள்ளி நில்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி மூன்றிலும் பேருந்து இறங்கும் ஊர்மையம் ஏரியை ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் பள்ளத்தில்தானே தேங்கும்? 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டு ஒரு கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்து ‘சிக்யூ’ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு) கூப்பிட்டால் ரிசார்ட் சுவர்கள்தான் கேட்கும்.

அடுத்து, மலை உச்சி தட்டையாக அகன்றிருந்தால் அதன் நடுப்புள்ளியும் நல்ல இடம் இல்லை. நாலு பக்கமும் மரமும் மேடும் இருக்கும். பேச வேண்டிய திசையைப் பார்த்த விளிம்புதான் சரி. ஏற்காட்டில் சேலம் பக்கம் வேண்டுமென்றால் லேடீஸ் சீட், கிழக்கே வேண்டுமென்றால் பகோடா பாயின்ட். எல்லாத் திசையும் வேண்டுமென்றால் சேர்வராயன் கோயில் மேடு, அதுதான் அங்கே உச்சம்.

‘வியூ பாயின்ட்’ பலகைகளை நம்பலாம். கண்ணுக்குச் சமவெளி விரிந்து தெரிகிற இடத்தில் வி.எச்.எஃப்.-உம் விரிந்து போகும். விளிம்பு என்றால் தடுப்புக் கம்பிக்கு உள்ளே என்று அர்த்தம். காதில் ஹெட்போன், கையில் யாகி ஆன்டெனா, கண் தொடுவானத்தில் என்று இருக்கும்போது பாறை ஓரம் எங்கே முடிகிறது என்பது மறந்துபோகும்.

மலை உச்சியில் செல்போன் டவர், டி.வி. டவர் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் என்றால் நமக்கும் நல்லதுதானே?

இடம் நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் மோசம்.

கொடைக்கானல் பண்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். தென்மாவட்டங்கள் பலவற்றில் அது தெளிவாகக் கேட்கக் காரணம் அந்த மலைதான். ஆனால் அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று விலை மலிவான ஹேண்டியை (கையடக்க ரேடியோவை) திறந்தால், அதன் ரிசீவர் திணறிவிடும். பாவ்ஃபெங் மாதிரி ஒற்றைச் சில்லில் முழு ரேடியோவையும் அடக்கிய ஹேண்டிகளின் முன்பகுதியில் போதிய வடிகட்டி கிடையாது. வலுவான சிக்னல் எந்த அலைவரிசையில் வந்தாலும் உள்ளே புகுந்துவிடும்.

அறிகுறி இப்படி இருக்கும்: நீங்கள் கூப்பிடுகிறீர்கள், எதிரே இருப்பவர் உங்களை ஐந்துக்கு ஐந்தாகக் கேட்கிறார், ஆனால் அவர் பதில் சொல்லும்போது உங்கள் செட்டில் மௌனம், அல்லது ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து திறந்து மூடுகிறது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஒரு சாவியையோ கம்பித் துண்டையோ ஆன்டெனா முனைக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்டுப் பாருங்கள் (பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானைத் தொடக் கூடாது). அப்போது அவர் தெளிவாகக் கேட்டால் கோளாறு டவரில் இருந்து வருகிறது என்று முடிவு செய்யலாம்.

வைத்தியம் நடைதான். இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி, டவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பெரிய பாறை வரும்படி உட்காருங்கள். உச்சியிலிருந்து பத்து மீட்டர் இறங்குவதால் தொடுவானத்தில் இழப்பது ஒன்றுமே இல்லை.

எச்.எஃப். பேச மலை தேவையா?

தூரத்துக்காகத் தேவையில்லை, 40 மீட்டர் பட்டையில் பகலில் தமிழ்நாட்டுக்குள் பேசுவது ஏறக்குறைய நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை. அதற்கு மலை உச்சியும் ஒன்றுதான், வயல்வெளியும் ஒன்றுதான்.

ஆனாலும் மலை நல்லது, வேறு காரணத்துக்காக: இரைச்சல். நகரத்தில் இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் சேர்ந்து, சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரை 7, 8-இல் நிறுத்தி வைத்திருக்கும். மின் கம்பி இல்லாத மலையில் முள் அடியில் படுத்துக் கிடக்கும். வீட்டில் கேட்கவே கேட்காத ஐந்து வாட் நிலையங்கள் அங்கே பேச்சுக் குரலில் வரும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் வீட்டு ரேடியோமேல் வெறுப்பு வரும், எச்சரிக்கை.

20 மீட்டர் பட்டையில் வெளிநாடு பிடிக்க நினைத்தால் மலைச் சரிவு உதவும். சரிவு இறங்கும் திசையில் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பும். ஐரோப்பா வேண்டுமென்றால் வடமேற்குச் சரிவு. ஆனால் வெறும் பாறையில் வெர்ட்டிகல் ஆன்டெனா வைத்து ஏமாறாதீர்கள். பாறை மின்சாரத்தைக் கடத்தாது. அதன் அடியில் ரேடியல் கம்பிகள் விரிக்காவிட்டால் பாதிச் சக்தி சூடாகப் போய்விடும். தலைகீழ் ‘வி’ வடிவ டைபோல் (நடுவிலிருந்து இரு பக்கமும் கம்பி போகும் ஆன்டெனா) பாதுகாப்பான தேர்வு. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 10 மீட்டர், மொத்தம் 20.

அப்போது எந்த ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு போவது?

வி.எச்.எஃப்.-க்கு என்னைக் கேட்டால் டேப் யாகி. தச்சர் வைத்திருக்கும் ஒரு இஞ்ச் அகல ஸ்டீல் டேப்பை மூன்று துண்டாக வெட்டி, அரை இஞ்ச் பி.வி.சி. பைப்பில் டீ, கிராஸ் மாட்டி, ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் மூன்று உறுப்பு யாகி தயார். டேப்பின் மேல் உள்ள பெயின்ட்டைச் சுரண்டாமல் பற்றவைத்தால் ஈயம் ஒட்டாது, இதை மட்டும் கவனியுங்கள். உறுப்புகளை மடக்கிப் பைக்குள் சொருகிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். மலைமேல் விட்டால் ‘பட்’டென்று தானே நிமிரும். ரப்பர் ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

எஃப்.எம். பேசும்போது உறுப்புகள் செங்குத்தாக, எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) பேசும்போது படுக்கையாக. மாற்றிப் பிடித்தால் 20 டெசிபல் வரை போகும், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிச்சம்.

கம்பம் உயரமாக வேண்டும் என்று அலையத் தேவையில்லை. மலையே உங்கள் கம்பம். தலைக்கு மேல் ஒரு மீட்டர் போதும். நீளமான ஆர்.ஜி.58 கோஆக்ஸ் போட்டு ஆன்டெனாவை உயர்த்தினால், 10 மீட்டருக்கு 2 டெசிபல் கேபிளிலேயே கரைந்துவிடும்.

எச்.எஃப்.-க்கு 6 முதல் 10 மீட்டர் கிளாஸ் ஃபைபர் தூண்டில் கழி, நைலான் கயிறு, நாலு ஆணி. பாறையில் ஆணி இறங்காது என்பதால் கயிற்றைக் கட்டக் கல் தேடுங்கள்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்?

‘யேசு’ (Yaesu) நிறுவனத்தின் எஃப்.டி.818 போன்ற ஆறு வாட் செட் பேசும்போது 2.7 ஆம்பியர், கேட்கும்போது 0.45 ஆம்பியர் அளவில் இழுக்கும். கால் பங்கு நேரம் பேசி, முக்கால் பங்கு கேட்டால் மூன்று மணி நேரத்துக்கு மூன்று ஆம்பியர்-மணி அளவு போதும். ஆகவே 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தாராளம், எடையும் ஒரு கிலோவுக்குள். யு.பி.எஸ்.-இல் இருக்கும் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் வண்டியில் கடப்பவருக்குப் பரவாயில்லை, நடப்பவருக்கு வேண்டாம்.

லைசென்ஸ் விஷயத்தில் ஏதாவது சிக்கல் வருமா?

இந்தியாவில் அமெச்சூர் (ஹாம்) லைசென்ஸ் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுப்பது. பொதுநிலைக்காரர்களுக்கு வியூ2, கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு வியூ3 என்று அழைப்புக்குறி தொடங்குவது வழக்கம். லைசென்ஸில் நிலையத்தின் முகவரி இருக்கும், நிபந்தனைகளும் இருக்கும். வெளியிடத்தில் இயக்குவது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மலைக்குக் கிளம்பும் முன் வரி விடாமல் படியுங்கள். தனி அனுமதி தேவை என்றால் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். “போன வாரம் அவர் போனாரே” என்பது அனுமதி ஆகாது.

பட்டை எல்லைகளையும் மறக்க வேண்டாம். இங்கே 2 மீட்டர் என்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, 70 சென்டிமீட்டர் என்பது 434 முதல் 438 வரை. வெளிநாட்டு யூடியூப் பார்த்து 146.52-இல் கூப்பிட்டால் அது நம் பட்டைக்கு வெளியே.

காட்டு இலாகா அனுமதி?

சாலை போகும் சுற்றுலா இடங்களுக்குத் தேவையில்லை. காப்புக் காட்டுக்குள் நடந்து போகும் சிகரம் என்றால் கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. வழிகாட்டியும் கூட வருவார். தீப்பிடிக்கும் கோடைப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். வழிகாட்டியிடம் முதலிலேயே “உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்” என்று பேசி வையுங்கள். மற்றவர்கள் இறங்கக் காத்திருக்கும்போது நீங்கள் டைபோல் கட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் பிடிக்காது.

கோயில் மலைகள்?

படி இருக்கும், தண்ணீர் கிடைக்கும், பேருந்து வரும். பல கோயில் மலைகள் சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகள் என்பதால் நாலா பக்கமும் திறப்பு. கிருத்திகை, பௌர்ணமி, விசேஷ நாட்களைத் தவிர்த்து, கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சன்னதிக்குத் தள்ளி உட்கார்ந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கொடிமரத்திலோ கோபுரத்திலோ கம்பி கட்டும் யோசனை வந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். திருவண்ணாமலை 814 மீட்டர், அருமையான தனி மலை, ஆனால் மலையையே சிவனாக வணங்குகிறார்கள், மேலே ஏறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அதை விட்டுவிடலாம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. வானம் தெளிவு, இடி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் போய் மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வெப்பச் சலன இடி பிற்பகலில்தான் கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, போகாமல் இருப்பதே புத்தி.

மலைமேல் கம்பி தூக்கி நிற்பவருக்கு இடி பற்றி இரண்டு சொல்ல வேண்டும். எச்.எஃப். ரிசீவரில் ‘படார் படார்’ என்று வெடிப்பு கேட்கத் தொடங்கினால், மேகம் கண்ணில் படாவிட்டாலும், மூட்டை கட்டத் தொடங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஆன்டெனாவைக் கழற்றக்கூட நிற்காமல், போட்டது போட்டபடி இறங்குங்கள். கழி போனால் வேறு வாங்கலாம்.

குளிர்கால அதிகாலையில் வி.எச்.எஃப். வெகுதூரம் போகும் என்கிறார்களே, மலைமேல் அது இன்னும் அதிகமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் உட்காரும்போது அலைகள் அந்த மூடிக்கு அடியிலேயே சிக்கி நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடும். தமிழகக் கடற்கரை வீடுகளில் இலங்கை எஃப்.எம். கேட்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த மூடி பல நேரம் சில நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் 1,500 மீட்டர் மலைமேல் இருந்தால் மூடிக்கு மேலே நிற்கிறீர்கள். கீழே கடற்கரையில் ஒருவர் யாழ்ப்பாணத்தோடு பேசிக்கொண்டிருப்பார், உங்களுக்கு ஒன்றும் கேட்காது. அப்படிப்பட்ட நாட்களுக்குக் குட்டிக் குன்றே மேல்.

சென்னையிலேயே ஒரு மலை சொல்லுங்களேன்.

பரங்கிமலை 90 மீட்டர் உயரம், கணக்குப்படி 39 கி.மீ. ஆனால் பக்கத்தில் ராணுவப் பகுதி, எதிரே விமான நிலையம். அங்கே ஆன்டெனா விரிக்க வேண்டாம்.

ஊட்டி?

தொட்டபெட்டா 2,637 மீட்டர், மாநிலத்தின் உயரமான சாலைச் சிகரங்களில் முதன்மை. நேரக் கட்டுப்பாடும் கூட்டமும் உண்டு. மேகம் மூடினால் ஆன்டெனா நுனியே தெரியாது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது, அதிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. 1970-இலிருந்து வேலை செய்கிறது. மலைத் தேர்வு பற்றி ஆர்வம் உள்ளவர்கள் தூரத்திலிருந்தாவது அதைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச் சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. கோவிந்த் ஸ்வரூப் குழுவினரின் தேர்வு அது. நாம் பாறை தேடுவதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை.

சாட்டிலைட் வழியாகப் பேச மலை உதவுமா?

அவ்வளவாக இல்லை. தொடுவானம் திறந்திருந்தால் ஒவ்வொரு கடப்பிலும் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும். அதற்கு மொட்டை மாடியே போதும்.

சோட்டா என்கிறார்களே, அது என்ன?

‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’. 2002-இல் பிரிட்டனில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய மலைச்சிகர விளையாட்டு. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று குறைந்தது நாலு பேரோடு பேசினால் புள்ளி. வண்டிக்குள் உட்கார்ந்து பேசக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழிப் பேச்சு கணக்கில் சேராது. புள்ளி வேண்டாதவர்களுக்கும் இந்த விதிகள் நல்ல பழக்கம். நாலு பேர் கிடைப்பதுதான் இங்கே பாடு. கிளம்பும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் நேரமும் அலைவரிசையும் போட்டுவிடுங்கள்.

மலைமேல் பேசும்போது மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகுமா?

ஆகும். கீழே 10 கி.மீ. மட்டும் போகிற அதே ஐந்து வாட், மேலே மூன்று நான்கு மாவட்டங்களில் விழுகிறது. ஒரே அலைவரிசையில் இயங்கும் இரண்டு ரிப்பீட்டர்களை நீங்கள் ஒரே நேரத்தில் திறந்துவிடலாம். எனவே ரிப்பீட்டரை விட்டு நேரடி அலைவரிசையில் பேசுங்கள், பவரைக் குறையுங்கள், கூப்பிடும் முன் ஒரு நிமிடமாவது கேளுங்கள்.

குரங்குகள்?

பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்கு வெளியே எடுக்காதீர்கள். கோஆக்ஸை அவை தின்னாது, ஆனால் இழுத்துப் பார்க்கும். மறுமுனையில் உங்கள் செட் இருக்கிறது.

போலீஸோ வனக்காவலரோ வந்து கேட்டால்?

கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். இந்தியாவில் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். பழக்கமில்லாத கண்ணுக்கு ஹேண்டியும் அதுவும் ஒன்றுபோலத் தெரியும். லைசென்ஸின் நகல், அடையாள அட்டை இரண்டையும் கையெட்டும் இடத்தில் வையுங்கள். “இது ஹாம் ரேடியோ சார், பொழுதுபோக்குக்காக அரசு கொடுக்கிற லைசென்ஸ், இதோ” என்று காட்டிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடுங்கள். எதிர்முனையில் யாராவது தமிழில் பேசிக்கொண்டிருந்தால் பாதி சந்தேகம் போய்விடும். அணை, ரேடார் நிலையம், ராணுவ வேலி அருகே என்றால் இதெல்லாம் எடுபடாது, அங்கே உட்காரவே வேண்டாம். இடத்தைக் காலி செய்யச் சொன்னால் வாதாடாமல் காலி செய்யுங்கள். அடுத்த வளைவில் வேறொரு பாறை இருக்கும்.